காய்ந்த பக்கம்

வாளித் தண்ணீரில் கொசுப் புழு இருந்தால் அதன் மேல் கையை நீட்டிப் பாருங்கள். தண்ணீரைத் தொட வேண்டாம், நிழல் விழுந்தால் போதும். மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நெளிந்து அடியில் இறங்கும். பத்து வயதில், எங்கள் பிளாட்டின் எட்டாவது மாடி நடைபாதையில் இதைக் கண்டுபிடித்தபோது, உலகத்திலேயே எனக்குத்தான் முதலில் தெரியும் என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப நிழல் காட்டினேன். ஒரு கட்டத்தில் அவை இறங்குவதை நிறுத்திவிட்டன. நிழல் வருகிறது, ஒன்றும் நடக்கவில்லை, போகிறது என்று பழகிவிட்டன. எனக்கு அது இன்னும் பெரிய அதிசயமாக இருந்தது. அம்மா வந்து வாளியைக் கவிழ்த்தார்.

"டெங்கி ஆபீசர் பாத்தா அபராதம் கட்டுன்னு சமன் எனக்குத்தான் போடுவான், ஒனக்கு இல்ல."

அந்தப் பைத்தியம் பிறகு என்னை விடவில்லை. மழைக்குப் பின் பினாங்குக் கொடிமலைப் பாதையில் நடக்கும்போது மற்ற பிள்ளைகள் அட்டையைக் கண்டு அலறுவார்கள். நான் குனிந்து அதன் மேல் மூச்சு விடுவேன். அது இலை நுனியில் எழுந்து நின்று, மூச்சு வந்த பக்கம் தலையை ஆட்டி ஆட்டித் தேடும். மண்புழுவுக்குக் கண் கிடையாது, ஆனாலும் டார்ச் அடித்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மூளை என்று சொல்ல அதிகம் எதுவும் இல்லாத உயிர்கள், எப்படி இவ்வளவு சரியாக நடந்துகொள்கின்றன? சாப்பிடும்போதும் இதைப் பேசுவேன். அம்மா, "சோத்துல கைய வச்சிக்கிட்டு புழுவப் பத்திப் பேசாத," என்பார். பேசி முடிக்கும் வரை கேட்கவும் செய்வார்.

பத்தொன்பது வயதில் நான் வந்து நின்ற இடம் மரப்பேன். அது புத்தகப் பெயர். எங்கள் வீட்டில் அதற்குத் தொட்டிப் பூச்சி என்று பெயர், அம்மா வைத்தது. விரல் நகத்தில் பாதி நீளம், சாம்பல் நிறம், பதினான்கு கால். பார்க்கப் பூச்சி போல இருக்கும், பூச்சி கிடையாது. இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். தரைக்கு ஏறி வந்த பின்னும் அதன் உடம்பு கடலை முழுதாக விட்டுவிடவில்லை. காற்று காய்ந்தால் அதுவும் காய்ந்து செத்துப்போகும். அதனால் ஈரமான இடங்களில்தான் கூட்டமாகக் கிடக்கும்.

எங்கள் வீட்டில் அது கிடந்தது கொட்டாங்கச்சிக்கு அடியில். தைப்பூசத்துக்கு ரதம் போகும் சாலையில் தேங்காய்களைக் குவித்து வைத்து உடைப்பார்கள். சீனர்களும் உடைப்பார்கள், சில இடங்களில் நம்மவர்களைவிட அதிகமாக. நகராட்சி ஆட்கள் அள்ளிக்கொண்டு போவதற்கு முன் அம்மா ஓர் அரிசிச் சாக்கோடு போய், சுத்தமான ஓடுகளாகப் பொறுக்கி வருவார். அதை நடைபாதையில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியிலும் பாண்டான் என்ற வாசனை இலைத் தொட்டியிலும் கவிழ்த்து வைத்தால் மண் சீக்கிரம் காயாது. ஓட்டைத் தூக்கினால் நாற்பது, ஐம்பது மரப்பேன்கள் வெளிச்சத்தைக் கண்டு நாலாபக்கமும் ஓடும்.

அப்போது நான் ஆறாம் படிவம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு. ஓர் அறக்கட்டளை மாநில அளவில் அறிவியல் போட்டி நடத்தியது. உயிரியலில் முதலாவதாக வருகிறவருக்கு மூன்று வருடப் பட்டப்படிப்புச் செலவு முழுவதும் அவர்கள் ஏற்பார்கள். அப்பா ஜொகூரில் லாரி ஓட்டுகிறார், மாதம் ஒரு முறை வருவார். அம்மா பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் பேக்கிங் லைன். கம்பெனி ஆள் இல்லை, பதினோரு வருடமாக ஏஜென்ட் வழியாகப் போகிற ஒப்பந்த ஆள். போட்டித் தாளை நான் வாசித்துக் காட்டியபோது அம்மா சொன்னது இதுதான்:

"ஜெயிச்சா யூனிவர்சிட்டி. இல்லாட்டி எங்கூட லைன்ல வந்து நில்லு. எம் பக்கத்துல ஒரு ஸ்டூல் காலியாத்தான் இருக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோதனை எளிமையானது. மூடியுள்ள வட்டத் தட்டு ஒன்றை இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்குக் கீழே ஈரப்பஞ்சு. மறு பாதிக்குக் கீழே ஈரத்தை உறிஞ்சும் ஏதாவது பொருள். மேலே வலைத்துணி. அதன் மேல் பத்து மரப்பேன்களை விட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணுவது. பள்ளி ஆய்வுக்கூடத்துக் கால்சியம் குளோரைடை வைத்துச் செய்தபோது அருமையாக வந்தது. காய்ந்த பக்கத்தில் விழுந்தவை தலைதெறிக்க ஓடின. ஈரப் பக்கம் வந்ததும் மெதுவாகி, திரும்பித் திரும்பி, நின்றுவிட்டன. கால் மணி நேரத்தில் ஒன்பது அந்தப் பக்கம்.

குதூகலத்தில் பாட்டில் மூடியைச் சரியாகத் திருகாமல் வந்துவிட்டேன். அது எங்கள் பினாங்குக் காற்று, சும்மா விடுமா? இரண்டு நாளில் உள்ளே இருந்தது சேறாகிவிட்டது. இந்தத் தவணைக்கு வேறு வாங்க மாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். "ம்மா, உங்க ஃபேக்டரில சாமான் பெட்டிக்குள்ள குட்டிக் குட்டிப் பாக்கெட் போட்டு வருமே, ஈரம் இழுக்கிறது. அது எனக்கு வேணும்."

"எத்தன?"

"முப்பது."

"முப்பதா? கொழம்பு வைக்கப் போறியா?"

"பூச்சிக்கு."

"ஒன் பூச்சிக்காக நான் ஜாகாகிட்ட என்னன்னு சொல்றது?"

ஜாகா என்றால் ஃபேக்டரி வாசலில் நிற்கும் காவலர். ஒரு நேப்பாளி. வெளியே போகும் பைகளைப் பார்ப்பது அவர் வேலை. குப்பையைத் தவிர எதுவும் வெளியே போகக் கூடாது என்பது விதி. அம்மா அதன்படியே செய்தார். தினமும் வேலை முடிந்ததும் குப்பைத் தொட்டியிலிருந்து மூன்று, நான்கு பொட்டலமாகப் பொறுக்கி, ஜாகாவிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பதாம் நாள் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கொடுத்தார்.

"முப்பத்தி ரெண்டு இருக்கு. எண்ணிக்க."

மெல்லிய தாள் வழியே உள்ளே இருந்த மணிகள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். காய்ந்திருக்கும்போது நீலமாக இருக்கும் இந்த மணிகள் ஈரத்தைக் குடித்தால் இளஞ்சிவப்பாகும் என்பதை நான்காம் படிவத்தில் என் கையாலேயே செய்து பார்த்து, படம் வரைந்து, நிறம் தீட்டி, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வீட்டில் ஒரு முறை சோதித்துப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். எனக்குப் பேச்சைத் தயார் செய்யவே நேரம் போதவில்லை. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தேன்.

முதல் சுற்று ஜார்ஜ்டவுனில் ஒரு பள்ளி மண்டபத்தில், சனிக்கிழமை காலை. அம்மா லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தார். தீபாவளிக்கு எடுத்த பஞ்சாபி உடை, காதில் அளவுக்கு மீறிய தோடு. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, யார் திரும்பிப் பார்த்தாலும் சிரித்தார்.

நடுவர் ஒரு சீனப் பெண்மணி, பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். நான் ஆங்கிலத்தில் மடமடவென்று ஆரம்பித்தேன். "இதோ, காய்ந்த பக்கத்தில் இவை எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று பாருங்கள்," என்று தட்டைக் காட்டினேன்.

எதுவும் ஓடவில்லை.

ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம், நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. ஒன்று மீசையை ஆட்டியது. ஐந்து நிமிடம் ஆனது, பத்து நிமிடம் ஆனது. தட்டை விரலால் தட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, யாரும் பார்க்காதபோது ஒன்றைத் தள்ளிக்கூட விட்டேன். அது திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

நடுவர் வலைத்துணியைத் தூக்கி, ஒரு பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன நிறம்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான், மிக மெதுவாக.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான்காம் படிவப் படம், தீட்டிய நிறம், எல்லாம் ஒரே நொடியில். "கவனிக்கத் தவறிவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம், சின்ன வாக்கியம்தான். நான் திரும்பி மூன்றாவது வரிசையைக் கை காட்டினேன். "இது என் அம்மா கொண்டு வந்தது, அவருக்கு இதெல்லாம் தெரியாது, குப்பையிலிருந்து எடுத்திருக்கிறார்," என்றேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் 'ரப்பிஷ்' என்ற சொல் நன்றாகத் தெரியும். அவர் தினமும் கைவிட்டுப் பொறுக்கிய தொட்டியின் மேல் அதுதான் எழுதியிருக்கும். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எடுக்க மறந்துவிட்ட பொருள் மாதிரி.

நடுவர் என்னைப் போட்டியிலிருந்து தள்ளிவிடவில்லை. விளக்கம் நன்றாக இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை இறுதிச் சுற்றில் மறுபடி செய்து காட்டு, ஆனால் காய்ந்த பக்கம் காய்ந்திருக்க வேண்டும் என்றார். "ஒரு வாரம் இருக்கிறது. எப்படி என்று யோசி," என்றார்.

யோசி என்றுதான் சொன்னார். நான் யோசிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நீலமா இருக்கிற பாக்கெட்டும் இருக்குமா?"

"புதுசு நீலமாத்தான் வரும். தண்ணி குடிச்சா செவந்துடும். செவந்தா தூக்கிப் போட்ருவோம்."

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா செவந்தத கொண்டு வந்த?"

"நீ பாக்கெட்டுன்னுதான கேட்ட. நீலம் கம்பெனிது. செவப்புதான் குப்ப."

"எனக்கு நீலம்தான் வேணும்."

அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது எடுக்கக் கூடாது, பாப்பா."

"சரி. அப்ப நான் லைன்லயே வந்து நிக்கிறேன். அந்த ஸ்டூல் காலியாத்தான இருக்கு."

அம்மா சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. இறங்கும் இடம் வந்தபோதும் நான்தான் மணியை அழுத்தினேன்.

வியாழக்கிழமை மாலை அம்மா வழக்கம்போல ஃபேக்டரி பஸ்ஸில் வந்தார், எதிர்வீட்டு அக்காவோடு. அந்த அக்காவும் அதே லைன்தான். அம்மா நேராகக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அக்கா வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை.

"ஒங்கம்மாவ நாளைலேருந்து வர வேணான்னுட்டாங்க."

"ஏன்?"

"சோத்து டப்பாவுல ஆறு பாக்கெட். புதுசு. ஜாகா தொறக்கச் சொன்னான்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "பதினோரு வருஷமா அவன் ஒங்கம்மா டப்பாவத் தொறக்கச் சொன்னதே இல்லலா. பைய மட்டும் பாப்பான், போங்க அக்கான்னுருவான்."

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன்?"

"அவங்க நடதான் காட்டிக் குடுத்துச்சி. எப்பவும் ஆடி அசைஞ்சி, அவங்கிட்ட சாப்டியான்னு கேட்டுட்டுப் போற ஆளு. இன்னிக்கு எங்க எல்லாரையும் முந்திக்கிட்டு ஓடுறாங்க. வாசல் கேட் கிட்டப் போயிட்டு, ஒரு தரம் திரும்பி வேற வந்தாங்க. மறுபடி ஓடுனாங்க. நானே பாத்துட்டு, என்னலா ஆச்சு இவங்களுக்குன்னு நெனச்சேன். ஜாகா நெனைக்க மாட்டானா?" அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு அந்தப் பாக்கெட்டு? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க."

எனக்குத் தெரியாது என்றேன். அக்கா போய்விட்டார்.

அறைக்குள் போனேன். அந்தச் சிவந்த பொட்டலங்கள் மேசைக்கடியில் பையோடு கிடந்தன. தூக்கிப் போடத்தான் எடுத்தேன். ஏன் தெரியவில்லை, பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். இளஞ்சிவப்பு மணிகளின் படம். அதற்குக் கீழே என் கையெழுத்தில், நானே சிவப்பு மையால் அடிக்கோடிட்ட ஒரு வரி: சூடாக்கினால் நீர் வெளியேறி மறுபடி நீலமாகும்.

அடுப்பங்கரையில் ஒரு பழைய வாணலி இருந்தது. பத்துப் பொட்டலத்தைக் கத்தரித்து மணிகளைக் கொட்டினேன். சிறு தீ. சன்னலைத் திறந்துவிட்டுக் கரண்டியால் கிளறினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓரத்தில் இருந்தவை ஊதா நிறத்துக்கு மாறின. ஒரு பாட்டு ஓடி முடியும் நேரம்கூட ஆகியிருக்காது, வாணலி முழுக்க நீலம்.

அம்மா தலையில் துண்டோடு வந்து பின்னால் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"நீலமாயிருச்சி," என்றார்.

"ம்."

"இவ்ளோதானா?"

நான் கிளறிக்கொண்டிருந்தேன்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமா?"

அதற்கும் "ம்" என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு வழியாக முடிந்திருக்கும். அவர் குனிந்து தீயைக் கொஞ்சம் குறைத்தார்.

"அந்தச் சட்டி இனிமே சமையலுக்கு ஆகாது. தனியா எடுத்து வை."

சனிக்கிழமை அம்மா வரவில்லை. ஏஜென்டைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். மண்டபத்தில் பத்து மரப்பேன்களும் நான் சொன்னபடியெல்லாம் செய்தன. காய்ந்த பக்கத்தில் விழுந்தவை முந்திக்கொண்டு ஓடின, மோதின, திரும்பின, மறுபடி ஓடின. பன்னிரண்டாவது நிமிடத்தில் பத்தும் ஈரப் பக்கம். யாரோ கை தட்டினார்கள்.

நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஈரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இவற்றுக்குத் தெரியுமா?

தயார் செய்து வைத்திருந்த பதில்தான். தெரியாது என்றேன். இது ஈரத்தைத் தேடிப் போகும் ஓட்டம் இல்லை. காய்ந்த இடத்தில் உடம்பு நிற்க விடாது, அதனால் ஓடுகிறது. எந்தப் பக்கம் என்றில்லாமல் ஓடும்போது தற்செயலாக ஈரத்தில் கால் பட்டால் வேகம் குறையும், நின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள்தான் அது விரும்பித் தேர்ந்தெடுத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டேன். நான் பழகி வைத்திருந்த நிறுத்தம் அது இல்லை. நடுவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. அழகான விளக்கம் என்றார்.

முதல் பரிசு எனக்குத்தான்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. அம்மா அதற்குப் பிறகு ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் தட்டுக் கழுவினார், நான்கு மாதம். ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை, முதுகு வலி வந்து விட்டுவிட்டார். ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைத்தார். இப்போது அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு ஃபேக்டரி, விடியும் முன் பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்து போகிறார். பாயான் லெப்பாஸ் வேலை ஏன் போனது என்று அப்பாவுக்குத் தெரியாது. கால் வலி, நானே நின்றுவிட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அப்பா போன மாதம் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

"ஒங்கம்மாவுக்கு ஒரு எடத்துல கால் நிக்காதுலா. பதினோரு வருஷம் எப்படித்தான் இருந்தாளோ."

அம்மாவும் சிரித்தார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் பன்னிரண்டு நிமிட விளக்கம் இருந்தது, பரிசு வாங்கிய விளக்கம். அதைச் சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. மரப்பேனிடம் போய் நீலப் பொட்டலம் எடுத்துக்கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்ல ஆள் இருந்தது, நான்.

பரிசுச் சான்றிதழை அம்மா சுவரில் மாட்டவில்லை. எட்டாவது மாடியிலும் சுவர் பூஞ்சை பிடிக்கிறது, கண்ணாடிக்குள்ளும் போய்விடுகிறது. அலமாரியில் அவருடைய சேலைகளுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். கூடவே, ஒரு பழைய கைக்குட்டையில் முடிந்த அந்த மணிகள். இரண்டு மூன்று வாரத்தில் அவை சிவந்துவிடும். விடுமுறைக்கு நான் வீட்டில் இருக்கும் நாளாகவே பார்த்து அப்படி ஆகிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, டின்னைத் திறந்து பார்ப்பார்.

"செவந்துருச்சி," என்பார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு அந்தத் தனியாக எடுத்து வைத்த வாணலியை அடுப்பில் ஏற்றுவார். நான் எழுந்து நடைபாதைக்குப் போய்விடுவேன். ஒரு கொட்டாங்கச்சியைத் தூக்குவேன். அவை ஓடும். உள்ளே கரண்டி உரசும் சத்தம் நிற்கும் வரை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருப்பேன்.